துணி காயுமா என்று கேட்டவர்கள்

என் கணவரின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் ஒரு நகரத்தின் பாதிப் பேர் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் தேடிய ஆள் அவர். இப்போது குடியிருக்கும் இடத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அத்தை பாடியதில்லை, ஆடியதில்லை, சமையலோ அழகுக் குறிப்போ சொன்னதில்லை. தினமும் காலையில் வானத்தை ஒரு படம் எடுத்து, இன்றைக்குத் துணி காயுமா காயாதா என்று ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவர் ஒரு சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் ஊர். "படம் எப்படி?" என்று கேட்பவர்களிடம் அவர் பூசி மெழுகியதே கிடையாதாம். "இடைவேளை வரைக்கும் பரவாயில்லை. அதுக்கப்புறம் உங்க பாடு" என்பார். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அத்தை "போய்ப் பாருங்க" என்று சொன்ன படத்துக்கு ஆட்கள் மறுநாள் குடும்பத்தோடு வந்தார்கள். அதனால் அவர் வேலை தப்பியது. கடைசியில் தியேட்டரே தப்பவில்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனது அத்தை வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். ஐந்தாவது மாடி, அதுதான் உச்சி. லிஃப்ட் கிடையாது. காலையில் நானும் என் கணவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அத்தைக்குப் பேச்சுத் துணை சுவர்தான். "பேசாம பேசாம வாய் ஒட்டிக்கிச்சு" என்று நான் திரும்பி வந்ததும் சொல்வார். மாமா இறந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. டி.வி.யைப் போட்டால் அதனோடு சண்டை பிடிப்பார்.

எங்கள் பால்கனி மேற்கே பார்த்தது. தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கும் பின்னால் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி. மழை எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். கீழ் மாடிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. எதிரே ஒரு கிடங்கின் சுவர் நின்றதால் அவர்களுடைய பால்கனியிலிருந்து பார்த்தால் செங்கல்தான் தெரியும். ஆகவே இரண்டாவது மாடி அக்கா தினமும் காலையில் ஈரத் துணி வாளியோடு மாடிப்படிக்கு வந்து, அண்ணாந்து குரல் கொடுப்பார்.

"மேல என்ன நிலவரம்? போடலாமா?"

அத்தை பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிவார். "துண்டு, சட்டையெல்லாம் போடுங்க. போர்வை வேண்டாம்."

இது மெல்ல மற்ற மாடிகளுக்கும் பரவியது. அடுத்து கட்டடத்துக்கென்று இருந்த போன் குழுவுக்குள் நுழைந்தது. குழுவின் செயலாளர் ஒரு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது தண்ணீர் வரி, மின்தடை பற்றிய அறிவிப்புக்கான குழு, துணிமணிக்கு அல்ல என்று எழுதினார். அத்தைக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரைச் சமாதானப்படுத்தத்தான், நான் முகநூலில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தேன். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.

"எல்லாரும் என்ன கேக்கறாங்களோ அதையே வை."

'துணி காயுமா?' என்று வைத்தேன். முதல் படத்தில் வானம் கொஞ்சம், கொடிக்கயிறு கொஞ்சம், அத்தையின் கட்டைவிரல் நிறைய. "காயும். ஆனா சாயங்காலம் வரைக்கும் விட்டுவைக்காதீங்க" என்று எழுதியிருந்தார். கட்டடத்து ஆட்கள்தான் பார்த்தார்கள். அவர்கள் தங்கள் அக்கா தங்கைகளிடம் சொன்னார்கள். பக்கத்துத் தெரு வந்தது, அடுத்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வந்தது. வானிலை அறிவிப்பு எல்லாருடைய போனிலும் இருந்தது. ஆனால் அது நகரம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும். போர்வை போடலாமா, ஜீன்ஸ் போடலாமா என்று அதனிடம் கேட்க முடியாது.

பக்கம் தொடங்கிய சில மாதங்களில் அந்த விபரீதம் நடந்தது. ஒரு திங்கட்கிழமை அத்தை, "நல்லாக் காயும். திரைச்சீலை, போர்வை எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சிடுங்க" என்று எழுதினார். அவரை நம்பிப் பலரும் வீட்டிலிருந்த கனத்த துணியையெல்லாம் ஊறப்போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். மத்தியானம் கொட்டித் தீர்த்தது. சாதாரண மழை இல்லை. எங்கள் தெருவில் ஒருவருடைய செருப்பு மிதந்து போனது.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அத்தை பால்கனி முக்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டு மழையும் கொட்டிக்கொண்டிருந்தது. "உன்னை நம்பினது எங்க தப்பு" என்று ஒருவர். "கண்ணாடி மாத்துங்கம்மா" என்று இன்னொருவர். என் கணவர், "அந்தப் பதிவை அழிச்சிடும்மா. நாளைக்கு யாருக்கும் ஞாபகமிருக்காது" என்றார்.

"சொன்னது நான்தானே. இருக்கட்டும்."

"அப்போ பதில் சொல்லாம விடு."

"கவுன்ட்டர்ல உட்கார்ந்துட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்றியா?"

அன்று சாயங்காலம் தொடங்கி அவர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி. மன்னிப்பு ஒரே வரிதான். அதற்கப்புறம் ஒரு கேள்வி: உங்களுக்கு எந்தத் துணி நனைஞ்சது? திட்டியவர்களுக்கு இதை எதிர்கொள்ளத் தெரியவில்லை. ஒருவர், அம்மா கொடுத்த பழைய போர்வை என்றார். அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், இருப்பதே இரண்டு யூனிஃபார்ம், இரண்டும் நனைந்துவிட்டது, நாளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதினார். அத்தை அவருக்கு, துணியைத் தடிமனான துண்டில் சுருட்டி மிதித்துப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்துப் போடச் சொன்னார். மறுநாள் காலை, வானம் பற்றி எழுதுவதற்கு முன்னால், "நர்ஸம்மா, யூனிஃபார்ம் காஞ்சுதா?" என்று கேட்டிருந்தார். "கழுத்துப்பட்டை மட்டும் ஈரம். போட்டுட்டு வந்துட்டேன் அக்கா" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு கூட்டமே வந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் உண்மையில் பிறந்தது என்று எனக்குத் தோன்றும். அதுவரை அத்தை சொன்னார், மற்றவர்கள் கேட்டார்கள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். இன்றைக்கு என்ன போட்டிருக்கிறோம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். யாருடைய சொந்தப் பெயரும் அத்தைக்கு நினைவில் நிற்காது, துணிதான் நிற்கும். தினமும் ஒரே நீலச் சட்டையைத் துவைத்துப் போட்ட டாக்ஸி ஓட்டுநர் 'நீலச் சட்டை' ஆனார். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டு, பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருக்கிவிட்டு யோசனை கேட்ட ரயில்வே குமாஸ்தா 'ஸ்வெட்டர்'. ஒரு நாள் ஒரு பெண், "இன்னைக்கு முதல் தடவையா சின்னச் சின்னத் துணி போட்டிருக்கேன்" என்று மட்டும் எழுதினாள். குழந்தை என்ற வார்த்தையே இல்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அன்று முழுக்க அந்தப் பதிவுக்குக் கீழே வாழ்த்துதான். வெயில் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அந்த நாட்களின் சாயங்காலங்கள்தான் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து பால்கனிக் கதவோரம் உட்காருவேன். அத்தை டீயை ஆற்றிக்கொண்டே போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் மடித்துக்கொண்டே கேட்பேன். சொந்தக்காரர்கள் செய்தி போலத்தான் சொல்வார். "நீலச் சட்டைக்கு இன்னைக்கு நல்ல சவாரியாம்." "ஸ்வெட்டர் அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு, ரெண்டு நாளைக்குத் துவைக்கப் போறதில்லையாம்." தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது சுவர் முழுக்க ஆரஞ்சு நிறம் ஏறும். என் கணவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, இன்னைக்கு உன் ஜனங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அது கிண்டல் இல்லாமல் போய்விட்டது.

என் தம்பி ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தான். ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், அத்தையின் போனை வாங்கிப் பார்த்தான். தட்டில் கை வைக்க மறந்துவிட்டான்.

"அத்தை, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க ஆபீஸ்ல தலைகீழா நின்னாலும் இப்படிப் பேச வைக்க முடியாது. லைக் போட்டுட்டுப் போறவங்க இல்லை இவங்க. உட்கார்ந்து பேசறாங்க."

"பேசத்தானே வர்றாங்க."

"இதைப் பெருசா பண்ணலாம் அத்தை."

அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அத்தைமேல் உண்மையான பிரியம் வைத்திருந்தான். ஒரு சலவைத்தூள் கம்பெனியைப் பிடித்து வந்தான். பக்கத்தைப் பகிர்ந்து மூன்று பேரை அழைத்து வருபவர்களில் ஒருவருக்குச் சலவை இயந்திரம் பரிசு என்று போட்டி வைத்தார்கள். தினமும் மூன்று பதிவு போட வேண்டும், வீடியோவில் சிரித்துப் பேச வேண்டும், தனித்தனியாகப் பதில் எழுதி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று தம்பி ஒரு பாடமே நடத்தினான். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடும் பழக்கம் அத்தைக்கு இல்லை. விசேஷத்துக்கு என்று வைத்திருந்த உடையை எடுத்து உடுத்திக்கொண்டு, கொடிக்கயிற்றுக்கு முன்னால் நின்று, "வணக்கம் நண்பர்களே" என்றார். அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. டிக்கெட் கவுன்ட்டரில் யாரிடமும் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

கூட்டம் மடை திறந்தாற்போல் வந்தது. எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்தார்கள். பனி பெய்யும் ஊர்க்காரர் ஒருவர்கூட இருந்தார். "வின்னர் யாரு?" "எப்போ சொல்வீங்க?" "ஹாய்." அவர்களுக்குள் சண்டை. நடுவே யாரோ கடன் வாங்கித் தருவதாக எண் கொடுத்துவிட்டுப் போனார். எண்ணிக்கை ஏற ஏறத் தம்பி தரையில் நடக்கவில்லை. அத்தையும் முதல் சில நாட்கள் பூரித்துத்தான் போயிருந்தார். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு சாயங்காலம் நான் துணி மடிக்க உட்கார்ந்தேன். அத்தை வாசிக்கவில்லை. போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"என்ன தேடறீங்க?"

"நர்ஸம்மாவை ஆளையே காணோம். உடம்புக்கு ஏதாவதா?"

நான் வாங்கித் தேடினேன். வெகுநேரம் கீழே போக வேண்டியிருந்தது. நர்ஸம்மா எங்கும் போகவில்லை. பரிசு கேட்பவர்களுக்கு நடுவே, சில நாள் இடைவெளி விட்டு, மூன்று தடவை எழுதியிருந்தார். முதல் தடவை, "அக்கா, நாளைக்கு எனக்கு நைட் டூட்டி, காலையில போடலாமா?" இரண்டாவது, "அக்கா?" மூன்றாவது, "பிஸியா இருக்கீங்க போல." நீலச் சட்டை எழுதியதும் அப்படியே எங்கோ கிடந்தது. ஸ்வெட்டர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்.

அத்தை அந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தார். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. அப்புறம் சொன்னார்:

"ஹால் நிறைஞ்சு வழியுது. ஆனா இதுல யாரும் படம் பார்க்க வரலை."

மறுநாளே தம்பியைக் கூப்பிட்டு, பேசியபடி போட்டியை முடித்துப் பரிசைக் கொடுத்துவிடலாம், அதற்குமேல் தன்னால் ஆகாது என்றார். அது முடிந்ததும் பழையபடி ஒரு படம், ஒரு வரி. வந்தவர்களை எப்படி வெளியே அனுப்புவது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை எழுப்பி அனுப்பத் தெரியாதவர் கேட்கிற மாதிரி. அதற்கு வழி மேலேயிருந்து வந்தது. அந்த வருஷ மழைக்காலம் நீண்டது. வாரக்கணக்கில் அத்தை எழுதியது ஒரே வார்த்தை. "காயாது." மறுநாளும் "காயாது." சாம்பல் நிறப் படம், "காயாது." பரிசுக்கு வந்தவர்கள் இதை எத்தனை நாள் பார்ப்பார்கள்? கொத்துக் கொத்தாக விலகிப் போனார்கள். தம்பி போனில் புலம்பினான்.

"ஓடிக்கிட்டிருந்த பக்கத்தைக் கையால கொன்னுட்டீங்க அத்தை."

"இல்லப்பா. கூட்டிப் பெருக்கியிருக்கேன்."

நர்ஸம்மாவுக்கு அத்தை தனியாக எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மழை விட்ட முதல் நாள் காலையில், "யூனிஃபார்ம் போடலாமா அக்கா?" என்று அவர் கேட்டிருந்ததை அத்தை எனக்குக் காட்ட அடுப்படிக்கே வந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் எதிர்க் கிடங்கை விற்றுவிட்டார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கியது. எங்களைவிட உயரமாக வரப்போகிறது என்று காவலாளி சொன்னார். கம்பிகளும் பலகைகளும் ஒவ்வொரு தளமாக ஏறின. முதலில் தண்ணீர்த் தொட்டியின் கால்கள் மறைந்தன, அப்புறம் தொட்டி. அத்தை தினமும் படம் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் எக்கினார். முக்காலியில் ஏறி நின்றார். கடைசியில் புகைபோக்கியின் நுனி மட்டும் எஞ்சியது. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துக் கொஞ்ச நாள் ஒப்பேற்றினார். அடுத்த தளத்துக்குப் பலகை அடித்த சனிக்கிழமை காலை இப்படி எழுதினார்: "மேற்கு இன்னும் ரெண்டொரு நாள்தான் தெரியும். அப்புறம் எனக்கும் செங்கல்தான். பார்க்கணும்னு இருக்கிறவங்க நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

விலாசமும் போட்டுவிட்டார். எனக்குப் பகீரென்றது. "யார் யாரோ வருவாங்க அத்தை."

"யார் யாரோ எல்லாம் போயாச்சு. இப்போ இருக்கறது நம்ம ஆளுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியிலிருந்தே படியேறும் மூச்சிரைப்புச் சத்தம். கதவைத் திறந்தால் கொஞ்சம் பருமனான ஒரு பெண், கையில் பழப் பை, முகத்தில் தயக்கம். தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான்... ரெண்டு யூனிஃபார்ம்" என்றார். அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் வாசலில் நின்று தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். நீலம். எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லாமல் போயிற்று. கீழ் மாடிகளிலிருந்து நாற்காலிகள் ஏறி வந்தன. அன்றைக்கு அறிவிப்புக் குழுவின் செயலாளரும் வந்து ஒரு மூலையில் நின்றதைப் பார்த்தேன். வந்தவர்கள் ஒருவருக்கொருவர், "நீங்கதானே பச்சைத் திரைச்சீலை?" "அந்தக் கறை போச்சா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காகத் தெரிந்தவர்கள், முதல் முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சின்னத் துணி போட்ட பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

சூரியன் இறங்கும்போது பால்கனியில் ஒரே சமயத்தில் ஐந்தாறு பேருக்குமேல் நிற்க முடியாது என்பதால் முறை வைத்துப் போய்ப் பார்த்தார்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சாரப் பலகைகளுக்கு மேலே ஒரு கீற்று வானம், ஒரு புகைபோக்கி நுனி. ஸ்வெட்டர்தான், கூச்ச சுபாவமுள்ள ஒல்லி மனிதர், கடைசியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைத்தான் இத்தனை நாள் பார்த்துச் சொன்னீங்களா?" என்றார். அத்தை தலையாட்டினார்.

எல்லாரும் போன பிறகு அத்தை சொன்னார், "நீலச் சட்டையை நான் உயரமான ஆளா நினைச்சிருந்தேன்."

சில நாட்களில் சுவர் எழும்பிவிட்டது. அன்று காலை அத்தை படம் எடுக்கவில்லை. "எனக்கு இன்னைக்கு ஒண்ணும் தெரியலை" என்று மட்டும் எழுதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். நான் அலுவலகம் கிளம்பும்போது அது விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மருத்துவமனை மொட்டை மாடியிலிருந்து நர்ஸம்மா ஒரு வானம் அனுப்பியிருந்தார். பாலத்தின்மேல் வண்டியை ஓரங்கட்டி நீலச் சட்டை ஒன்று. ரயில் நிலையத்திலிருந்து ஒன்று, பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே, எங்க பக்கம் இப்படி இருக்கு, நீங்க பார்த்துச் சொல்லுங்க என்றிருந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுதினார்: "ஆஸ்பத்திரிப் பக்கம் இப்பவே எடுத்துடுங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம் மத்தியானம் வரைக்கும் காயும்." அவர் தனியாகப் பார்த்துச் சொன்ன காலத்தைவிட அதற்கப்புறம்தான் குறைவாகத் தவறினார்.

சில வருஷங்கள் அப்படியே ஓடின. பிறகு என் கணவருக்கு மாற்றல் வந்தது. அத்தையும் எங்களோடு வந்தார். இந்த ஊர் வீட்டில் துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே இயந்திரம். கொடிக்கயிறு கட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பக்கத்தை நர்ஸம்மா பார்த்துக்கொள்கிறார். படங்கள் அங்கே போய்ச் சேருகின்றன. அத்தைக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அதனால் சாயங்காலம் நான் வாசிக்கிறேன், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுகிறேன். என் விரல் வேகமாகப் போகும். அத்தை, "மெதுவா எழுது, அவங்க மெதுவாத்தான் கேட்டாங்க" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு பெண் எழுதியிருந்தாள். படிப்புக்காக அந்த நகரத்துக்கு வந்து விடுதியில் சேர்ந்திருக்கிறாளாம். இதுவரை தானே துவைத்துப் பழக்கமில்லை, துணி காய்ந்த பிறகும் ஒரு வாடை அடிக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தாள். வாசித்துவிட்டு அத்தையைப் பார்த்தேன்.

"நெருக்கி நெருக்கிப் போட்டிருப்பா. நடுவுல காத்து போக இடம் விட்டுப் போடச் சொல்லு" என்றார். நான் எழுதி முடித்து அனுப்பப் போனேன்.

"இரு, இன்னும் முடியலை. ரூம் எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு கேளு."